சிமென்ட்டுக்குள் ஒரு மர வீடு

வீடு பிரிப்பது என் தொழில். பழைய வீட்டை மொத்தமாகப் பேசி வாங்கி, ஓடு தனி, உத்தரம் தனி, நிலை ஜன்னல் தனி என்று கழற்றி விற்பேன். பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டமும் மரக்கிடங்கும் இருக்கின்றன. நான் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், "இன்னைக்கு யாரு ஊட்டுக்கு வந்திருக்கறானோ" என்று பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எமனுக்கு அடுத்தபடி என் தலையைக் கண்டால்தான் ஊருக்கு ஆகாது. எனக்குப் பழகிவிட்டது.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் ரிசார்ட் கட்டுகிறார். இப்போது கொல்லங்கோட்டு வயலைப் போட்டோ எடுக்கக் கொச்சியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஊர்க்காரர்கள் சேற்றில் நின்று நாற்று நடுவதைக் காருக்குள் இருந்தபடியே படம் பிடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி அவர் கடை விரிக்கிறார். "ஏனுங்க, நாலுகட்டு ஊடெல்லாம் வேண்டாமுங்க, அது எல்லாருகிட்டயும் இருக்குது. இடுக்கிப் பக்கம் பீர்மேட்டுல வெள்ளைக்காரன் கட்டுன மரச்சட்ட பங்களா ஒண்ணு விலைக்கு வருதாமா. அப்படியே பிரிச்சுக் கொண்டாந்து இங்க நிறுத்திப் போடுங்க" என்றார். பார்த்துவரக் கிளம்பினேன்.

மரச்சட்ட வீடு எனக்குப் புதிதில்லை. என் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, கட்டம் போட்ட லுங்கியை விரித்துக் காயப்போட்டது போல, கறுப்புக் கட்டையும் வெள்ளைச் சுவருமாக நின்ற ஒரு பழைய வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். நம் வீட்டில் சுவர் கூரையைத் தாங்குகிறது. அந்த வீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை. கல்மேடை மேல் நாலாபுறமும் படுக்கவைத்த அடிச்சட்டம், அதில் ஊன்றிய தூண்கள், தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம், மூலைக்கு மூலை சாய்கால். இரும்பு ஆணி கிடையாது, மரமுளைதான். மேல்மாடி, கூரை எல்லாப் பாரமும் இந்தச் சட்டத்தின் மேல்தான். நடுவிலுள்ள கட்டங்களைக் குச்சிப்படல் பின்னி, மண்ணும் சுண்ணாம்பும் அப்பி அடைத்துவிடுவார்கள்.

வீட்டைச் சுற்றிக்காட்டிய அம்மாள் ஒன்று சொன்னாள். மகள் தமிழில் சொன்னாள்: "தீயைவிட சிமென்ட்டுக்குத்தான் பயப்படணுமாம்ப்பா. சுண்ணாம்புச் சுவர் நனைஞ்சாலும் காஞ்சுரும். சிமென்ட் பூசிட்டா உள்ள போன ஈரம் வெளிய வராது, மரம் இருந்த இடத்திலயே அழுகிருமாம்." நான் அந்த வீட்டுத் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சீமைக்கு வந்துமா? இந்த ஊட்டையும் பிரிக்கறதுக்கா?" என்று என் சம்சாரம் சரசு அத்தனை பேர் முன்னாலும் திட்டினாள்.

என்னைப் போன்ற வறண்ட காட்டுக்காரனுக்கு இடுக்கியும் வெளிநாடுதான். எங்கள் ஊரில் காற்று பனைமரத்தைப் போட்டு அடிக்கும்; துணி காய அரைமணி போதும். கம்பத்திலிருந்து பஸ் மலையேறத் தொடங்கியதும் சட்டைப்பை ரூபாய் நோட்டுகூட நமத்துப்போனது. பாதி மலையில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கினார், குனிந்து பார்த்தார், பீடி பற்றவைத்தார். பீடி பற்றவைத்துவிட்டால் அவ்வளவுதான், அடுத்த பஸ் வரும்வரை உட்கார வேண்டியதுதான் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

சரசு கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அந்த மழையில் பஸ்ஸுக்குள்ளேயே பிரித்தேன். முன்சீட்டில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்த மழையில் என் தோட்டத்தில் செடி அடியோடு அழுகுது" என்றார் ஒருவர். "உனக்கு அழுகுறதுக்குச் செடியாவது இருக்கு. எனக்கு நிலமே இறங்கிப் போச்சு" என்றார் மற்றவர். பிறகு இருவரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. புளிச்சோறு கல் மாதிரி இறங்கியது.

கம்பம்மெட்டில் இருட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். எல்லை ஊருக்கு உண்டான சுறுசுறுப்பு ஒன்றும் இல்லை. ஏலக்காய்க் கடைகளில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுக்க வாசனை மட்டும் குறைவில்லாமல் அடித்தது. சாப்பாட்டுக் கடையில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும்தான் இருந்தது. சனிக்கிழமை எனக்குக் கவுச்சி ஆகாது என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கப்பையில் காந்தாரி மிளகாயை நசுக்கிப்போட்டுக் கொடுத்தார். காது அடைத்துப்போனது. லாட்ஜில் கட்டில், மெத்தை, போர்வை, எல்லாம் யாரோ இப்போதுதான் துவைத்து அரைகுறையாகப் பிழிந்ததைப் போல இருந்தன. வேட்டி மேல் வேட்டி கட்டிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை ஜோயி ஜீப்போடு வந்தார். அந்த பங்களா இருக்கிற, பூட்டிக்கிடக்கிற எஸ்டேட்டைக் கைமாற்றி வாங்கியவருடைய ஆள் அவர். மலையாளத்தில்தான் பேசுவார், நான் பாலக்காட்டான், எனக்குச் சிரமமில்லை. பீர்மேடு நெருங்க நெருங்கத் தேயிலை வந்தது. வெட்டாமல் விட்ட தேயிலையை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி மரமாக நெட்டுக்குத்தாக வளர்ந்து வழியை மறைத்துக்கொண்டு நின்றது. ஜீப் ஒரு வளைவில் திரும்பும்போது சரிவில் ஒரு சிவந்த பள்ளம் தெரிந்தது. அங்கே ஒரு லயம் இருந்தது என்றார் ஜோயி. லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். "மழையில் இறங்கிவிட்டது. பகலானதால் ஆள் சேதமில்லை. அதில் இருந்தவர்கள்தான் பங்களாவுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்."

"ஆள் இருக்காங்களா?" என்றேன். பொள்ளாச்சிக்காரர் அதைச் சொல்லவில்லை.

"இரண்டு குடும்பம். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள். நீங்கள் மரம் நல்லது என்று சொல்லுங்கள், போதும். கூரையைப் பிரித்தால் தானாகப் போய்விடுவார்கள்" என்றார் ஜோயி. இந்தத் தொழிலில் அது நான் அடிக்கடி கேட்கிற பேச்சுத்தான்.

பங்களாவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு. அந்தப் பூச்சின் மேல் கறுப்புப் பெயின்டில் நீளமும் குறுக்கும் சாய்வுமாகப் பட்டை பட்டையாகக் கோடு போட்டிருந்தது. கம்பெனிக் காலத்து மானேஜர் ஒருவர், சுண்ணாம்பு உதிர்கிறது என்று மரத்தையும் சேர்த்துச் சிமென்ட்டால் மூடியிருக்கிறார். பிறகு வீடு இங்கிலீஷ் வீடு மாதிரி இல்லையே என்று அதன் மேல் மரம் வரைந்திருக்கிறார். நிஜ மரம் உள்ளே கிடக்க, பொய் மரம் வெளியே மினுங்கியது. வரைந்தவன் கணக்குத் தெரியாதவன். தூண் இல்லாத இடத்தில் தூணும், ஜன்னலுக்கு நடுவில் சாய்காலும் போட்டிருந்தான். அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் செல்லத்தாய் என்று பிறகு தெரிந்தது. அவள் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். எஸ்டேட் தமிழர்களின் பேச்சு திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. எங்கள் 'ஏனுங்க, வாங்க' எல்லாம் அங்கே எடுபடாது.

"வாங்க அண்ணாச்சி. வீடு பிரிக்க வந்திருக்கது நீங்கதானா?" என்றாள்.

"பார்க்க வந்திருக்கறனுங்க அம்மிணி."

"பாக்காம எப்படிப் பிரிப்பிய? பாருங்க. கட்டஞ்சாயா போடுதேன்" என்று உள்ளே போனாள். அந்தக் கறுப்புத் தேநீரைக் கையில் வாங்கவே எனக்குக் கூசியது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

உள்ளே பெரிய கூடத்தைத் தகரமும் பழைய பிளெக்ஸ் பேனரும் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதி செல்லத்தாய் குடும்பம், மறுபாதி அவள் கணவனின் அண்ணன் குடும்பம். வெள்ளைக்காரன் குளிர்காய்ந்த கல் கணப்படுப்புக்குள் மூன்று செங்கல் வைத்து உலை கொதித்தது. புகைபோக்கி இன்னும் நன்றாகப் புகையை இழுத்தது. மாடிப்படி இருந்த இடத்தில் படி இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"போன மழைக்கு எரிச்சிட்டோம். காஞ்ச வெறகு வேற எங்கன இருக்கு?" என்றாள்.

சுவரில் மிச்சமிருந்த படித்துண்டைத் தடவிப் பார்த்தேன். ஈட்டிமரம்! எனக்கு வயிறு எரிந்தது. அவளோ கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஏணி வைத்து மேலே ஏறினேன்.

மேலே ஏறியதும் எரிச்சல் எல்லாம் போய்விட்டது. மாடியில் உள்பக்கம் சிமென்ட் இல்லை. மரம் மரமாகவே நின்றது. அயனிமர உத்தரங்கள், ஒவ்வொன்றும் என் இடுப்பு கனம். இணைப்புகளில் கத்தி நுழையாது. ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ஏதோ கீறியிருந்தது. இங்கிலாந்து வீட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்; பட்டறையில் அறுத்த கட்டை, நிறுத்தும்போது மாறிவிடக்கூடாது என்று ஆசாரிகள் போடும் எண். அங்கே குச்சி குச்சியாகக் கோடு. இங்கே டார்ச்சை அடித்துப் பார்த்தால் தமிழ் எண். ௪ போட்ட தூணில் ௪ போட்ட சட்டம், ௫ போட்ட தூணில் ௫. துரை காகிதத்தில் சீமை வீட்டை வரைந்து கொடுத்திருக்கிறார், மலைக்குக் கீழேயிருந்து வந்த நம்முடைய ஆசாரிகள் தங்கள் கணக்கில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். பிரித்து அடுக்கி மறுபடி நிறுத்த இதைவிடத் தோதான வீடு கிடைக்காது. நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் தொழிலில் எடுக்கிற மரத்துக்குச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவோம். குறி போட்டால் அது போகப் போகிற மரம். மேலே போட்டு முடித்துக் கீழே இறங்கி, பூச்சு உதிர்ந்து வெளியே தெரிந்த தூண்களுக்கும் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் முதல் தூணில் குறி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. செல்லத்தாயின் மூத்த பெண், பத்து வயதிருக்கும், ஈரத்துணியோடு எனக்குப் பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் ஓடவில்லை. துணியைப் பிழிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

"ஏ, சும்மா இரு" என்று அதட்டியபடி அவள் அப்பா உள்ளே வந்தார். முருகேசன். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய்விட்டு அப்போதுதான் வருகிறார். கைகொடுக்கவில்லை. ஆனால் வீட்டைக் காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. "இது வெறகுக் கடைக்குப் போவுத வீடு இல்ல அண்ணாச்சி, மனுசன் குடியிருக்க வீடு. இங்கன பாருங்க" என்று சுவரின் அடிப்பக்கத்தைக் காலால் தட்டினார். உள்சுவர் முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் புதுச் சிமென்ட். "லயம் எறங்குனப்ப நிவாரணத்துக்கு வந்த பயலுவ சிமென்ட் மூட்ட குடுத்தானுவ. எல்லாம் நானே பூசுனது. கல்மேடையில ஓட்ட ஓட்டையா விட்டிருந்தான் வெள்ளக்காரன். அத்தனையும் அடச்சிட்டேன். பாம்பு, எலி, அட்ட, குளிரு, ஒண்ணும் உள்ள வராது. நாலு மழ தாண்டியாச்சு, ஒரு பொட்டுத் தண்ணி எறங்கல."

அந்த ஓட்டைகள் எதற்கு என்று எனக்குத் தெரியும். பலகைத் தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் கீழே காற்று ஓடத்தான். இங்கிலாந்து அம்மாளின் பேச்சு அப்போது காதில் கேட்டது. ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பூச்சை உடைத்துப் பார்க்க என் கையில் பெரிய உளியும் இல்லை. மேலே பார்த்த மரத்தின் மயக்கமும் தெளியவில்லை. ஜீப்பில் திரும்பும்போது பொள்ளாச்சிக்காரருக்குப் போன் போட்டு, "மேல சரக்கு தங்கமுங்க. நாளைக்கு அடியையும் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. பீர்மேட்டுச் சந்தையில் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜோயியின் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "பங்களாவுக்கா? அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய் எங்கே விடப் போகிறீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார். ஜோயி ஹாரன் அடித்தார்.

முதலில் மேற்கு மூலையில் பூச்சை உடைத்தேன். முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, பூசுனவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்" என்று கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. சிமென்ட் சில்லு பெயர்ந்து விழுந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது, மூடிவைத்த பழஞ்சோற்று வாடை. ஸ்க்ரூடிரைவரை அடிச்சட்டத்தில் வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவது போலக் கைப்பிடிவரை இறங்கியது. அதன் மேல் நின்ற தூணின் கால் அங்கே இல்லவே இல்லை, தூள்தான் இருந்தது. தூணை நிறுத்திக்கொண்டிருந்தது வெளியே இருந்த மானேஜரின் சிமென்ட்டும் உள்ளே இருந்த முருகேசனின் சிமென்ட்டும்தான். அதுவும் வெறும் தோல்.

தெற்கே உடைத்தேன். அதே கதை. முன்வாசல் பக்கம், அதே கதை. நல்ல மரம் ஒடிவதற்கு முன் கத்தும், நாம் விலகிக்கொள்ளலாம். அழுகின மரம் வாயே திறக்காது, அப்படியே உட்கார்ந்துவிடும். என்னிடம் வேலை பார்த்தவர்கள் கால் ஒடிந்ததெல்லாம் அழுகின மரத்தில்தான். கடைசியாகக் கணப்படுப்பு மூலைக்கு வந்தேன். அங்கே மட்டும் உளி முனை மரத்தில் பட்டுக் கணீர் என்றது. தினமும் அடுப்பு எரிந்து எரிந்து அந்த மூலை மட்டும் காய்ந்தே இருந்திருக்கிறது. அங்கே நின்ற நாலு தூண் மட்டும் தேறின.

வாசலில் நின்று பொள்ளாச்சிக்காரருக்குப் போன் செய்தேன். "வேண்டாமுங்க. அடி பூராவும் போச்சுங்க. மேல் மரத்தை மட்டும் எடுக்கலாம்" என்றேன். தனக்கு முழு பங்களாதான் வேண்டும், துண்டு துணுக்கு வேண்டாம் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். ஜோயியை ஜீப்பருகே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இந்த நிலையில் எத்தனை மழை தாங்கும்?"

"சொல்ல முடியாதுங்க. இந்த மழையே தாங்குமான்னு தெரியலை."

"அப்படியானால் நல்லதுதான். பிரிக்கிற கூலி மிச்சம்" என்றார். ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி ஜீப்பைக் கிளப்பினார். எனக்கு அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. விடவில்லை.

நான் திரும்பி வந்தபோது வீடே மாறியிருந்தது. நான் போனில் 'வேண்டாம்' என்றதை மட்டும் செல்லத்தாய் கேட்டிருக்கிறாள். பேனரைத் தூக்கிவிட்டு ஓரகத்தியிடம், "மயினி, வேண்டாம்னுட்டாரு! வீட்டப் பிரிக்கல!" என்று கத்திக்கொண்டிருந்தாள். முருகேசன் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "உக்காருங்க அண்ணாச்சி. காலையில ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சிக்கிடாதிய" என்று, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டார். சிறிய பெண் என் மடிப்பக்கம் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் சேமியா பாயசம் வந்தது. முந்திரி இல்லை. ஏலக்காய் மட்டும் தாராளமாக இருந்தது.

அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனையோ வீட்டில் அழுகையும் ஏச்சும் சாபமும் வாங்கியிருக்கிறேன். பாயசம் வாங்கியதில்லை. ஒரு மடக்குக் குடித்தேன். பிள்ளைகள் இரண்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மிணி, உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். மரம் நன்றாக இருந்திருந்தால் வாங்கியிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. அழுகிவிட்டது, அதனால்தான் வேண்டாம் என்றேன், இந்த வீட்டில் இனி யாரும் படுக்கக்கூடாது என்றேன்.

முருகேசன் எழுந்துவிட்டார். "ஓ. இப்படியா வாறிய? ஜோயி சொல்லிக்குடுத்ததா? வெல குடுத்து வெரட்ட முடியல, பயங்காட்டி வெரட்டப் பாக்கியளா?"

அவரை மேற்கு மூலைக்குக் கூட்டிப்போய் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தேன். குத்தினார். உள்ளே போனது. இழுத்துவிட்டுப் பக்கத்தில் குத்தினார். மறுபடி இன்னொரு இடம். வெறி பிடித்தவர் மாதிரி அந்தச் சுவர் நெடுகக் குத்திக்கொண்டே போனார். பிறகு உட்கார்ந்து, தான் பூசிய சிமென்ட்டின் உடைந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு மழையா ஒரு பொட்டு எறங்கலயே. எங்கேருந்து வந்துச்சு இந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

தண்ணீர் மண்ணிலிருந்து ஏறியது, வெளிப்பூச்சின் வெடிப்பு வழியே நுழைந்தது, நீ அடைத்ததால் போக வழியில்லாமல் நின்றது. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பழைய மரமில்லீங்களா" என்றேன். "மேடையில இருக்கற ஓட்டையை மட்டும் தொறந்து விடுங்க. காத்துப் போகட்டும்."

"பாம்பு வருமே அண்ணாச்சி" என்றாள் செல்லத்தாய்.

"வில்லேஜ் ஆபீசுல சொல்லிப் பாக்கலாமுங்க. வேற எடம் ஏதாவது..."

"சொன்னா வந்து பாப்பாக. ஆபத்துன்னு எழுதிப் பூட்டிட்டுப் போயிருவாக. பொறவு நாங்க எங்கன போக? மத்த லயத்துல ஒரு குடும்பம் இருக்க எடத்துல மூணு குடும்பம் கெடக்கு. அதுவும் ஒழுகுது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. மழைக்கு முன் கொடியில் கிடக்கும் துணியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினாள். இங்கிலாந்தில் என் மகள் டிக்கெட் வாங்கிக் கூட்டிப்போன அந்த வீட்டில், ஒரு தூணில் கீறல் விழாமல் காக்கக் கயிறு கட்டிக் காவல் போட்டிருந்தார்கள்.

வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் ஓடும் குளிர்காற்று பேனரை அடித்தது. ஜோயியின் ஜீப் கீழ் வளைவில் ஹாரன் அடிப்பது கேட்டது. நான் பையை எடுத்தேன். செல்லத்தாய் வாசல்வரை வந்தவள், வழியை மறித்தது போல நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, எந்தப் பக்கத்து மரம் நல்லாருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க. பிள்ளையள அங்கன படுக்க வச்சிக்கிடுதேன்."

பையைக் கீழே வைத்தேன். கணப்படுப்பு மூலைக்குப் போனேன். என்னிடம் இருந்தது சாக்பீஸ்தான். முதல் தூணில் பெருக்கல் குறி போட்டேன். அதற்குள் அவள் பாயைக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் விரித்துவிட்டாள். "எனக்கு ரெண்டு, மயினிக்கு மூணு. குறுக்காலப் போட்டா அஞ்சும் கெடக்கும்" என்று கையால் அளந்தாள். இரண்டாவது தூணில் போட்டேன். மூன்றாவதில் போட்டேன்.

"நீங்க எங்க படுப்பீங்க?" என்றேன்.

"நாங்க பெரியாளுதான. வாசப்பக்கம் கெடப்போம்." பாயின் ஓரத்தைக் காலால் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். "மரம் முறிஞ்சா மொதல்ல சத்தம் கேக்கும்லா அண்ணாச்சி? எந்திரிச்சிருவோம்லா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து நாலாவது தூணில் குறியைப் போட்டேன். கோணலாக வந்தது. அழித்து மறுபடி போடலாமா என்று திரும்பினால், மூத்த பெண் அதே ஈரத்துணியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். நாலு தூணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். துணியை அடுப்புமேட்டில் வைத்துவிட்டு, தங்கையின் தலையணையை எடுத்துவரப் போனாள்.